சேணத்தின் அடியில் ஒரு துண்டுக் கம்பளி: ஷிம் எங்கே உதவும், எங்கே கெடுக்கும்

குதிரையின் முதுகு மாறிக்கொண்டே இருக்கும். நல்ல தீனி கிடைத்தால் பருக்கும், ஒழுங்கான வேலை கொடுத்தால் தசை ஏறும், நோயில் கிடந்தால் வற்றும், வயது போனால் தொய்யும். அதன் மேல் ஏற்றுகிற சேணத்தின் சட்டகமோ பட்டறையில் எந்த அளவில் செய்யப்பட்டதோ அந்த அளவிலேயே நிற்கும். மாறுகிற ஒன்றின் மேல் மாறாத ஒன்றை வைத்து, அதற்கும் மேல் ஓர் ஆள் ஏறி உட்கார்ந்தால் இரண்டுக்கும் நடுவே எங்காவது இடைவெளி விழத்தான் செய்யும். அந்த இடைவெளியில் செருகும் மெல்லிய துண்டுக்குச் சவாரி உலகில் ஷிம் என்று பெயர்.

பார்த்தால் பெரிய பொருளாகத் தோன்றாது. கம்பளி ஃபெல்ட்டிலோ அடர்ந்த ஃபோமிலோ வெட்டிய, 3 முதல் 10 மில்லிமீட்டர் வரை தடிமனுள்ள துண்டு. இதற்கென்றே தயாரிக்கும் சேணவிரிப்புகளில் முதுகெலும்பின் இருபுறமும் பைகள் தைத்திருப்பார்கள்: முன்னால் ஒன்று, நடுவில் ஒன்று, பின்னால் ஒன்று. தேவைப்படும் பையில் தேவைப்படும் தடிமனைச் செருகலாம், வேண்டாதபோது உருவிவிடலாம். ஜெர்மனியின் மாட்டெஸ், பிரிட்டனின் புரோலைட், அமெரிக்காவின் தின்லைன், ஸ்கிட்டோ போன்ற நிறுவனங்கள் இவ்வகை விரிப்புகளை விற்கின்றன. புதிய சேணத்தின் விலையோடு ஒப்பிட்டால் இது சில்லறைச் செலவு. அதனாலேயே எதற்கெடுத்தாலும் ஷிம் வாங்கும் பழக்கமும் வளர்ந்திருக்கிறது. சேணம் பொருத்தும் தொழிலில் இருப்பவர்களில் சிலர் இதை அறவே வெறுக்கிறார்கள். சிலர் ஒவ்வொரு வாடிக்கையாளர் தலையிலும் ஒன்றைக் கட்டிவிடுகிறார்கள். இரு தரப்புமே விஷயத்தின் பாதியைத்தான் பார்க்கிறார்கள் என்பது என் எண்ணம்.

முதலில் சேணத்தின் வேலையைப் பார்த்துவிடலாம். ஆங்கில பாணிச் சேணத்தைப் பிரித்தால் உள்ளே மரத்தாலும் எஃகுத் தகடுகளாலும் ஆன சட்டகம் இருக்கும். இப்போது செயற்கைப் பொருள்களிலும் செய்கிறார்கள். தொழிலில் இதை ‘ட்ரீ’ என்பார்கள். சட்டகத்தின் அடியில் இடமும் வலமுமாக இரண்டு நீண்ட மெத்தைகள், இவை பேனல்கள். இவற்றுக்குள் கம்பளியோ ஃபோமோ அடைத்திருக்கும், சிலவற்றில் காற்றுப் பைகளும் உண்டு. இரண்டு பேனல்களுக்கும் நடுவே ஒரு வாய்க்கால் ஓடும். முதுகெலும்பின் முனைகள் எதிலும் படாமல் அந்த வாய்க்காலுக்குக் கீழே சும்மா இருக்க வேண்டும். சுமை முழுவதும் அதன் இருபுறத்துத் தசைகளின் மேல் பரவ வேண்டும்.

குதிரைக்கு மார்புப் பகுதி முள்ளெலும்புகள் 18, விலா எலும்புகள் 18 ஜோடி. கடைசி விலா எலும்பு முடியும் இடத்துக்கு அப்பால் சேணத்தின் சுமை போகக் கூடாது, ஏனென்றால் அங்கே கீழிருந்து தாங்குவதற்கு விலாக்கூடு இல்லை. முன்பக்க எல்லையைத் தோள் எலும்பு வகுக்கிறது. குதிரைக்குக் காறை எலும்பு கிடையாது. முன்னங்கால்கள் உடலோடு தசைகளாலும் தசைநார்களாலும் மட்டுமே பிணைக்கப்பட்டிருக்கின்றன. கால் முன்னே நீளும்போது தோள் எலும்பின் மேல்விளிம்பு பின்னோக்கிச் சரிந்து வரும். சேணத்தின் முன்முனை அந்த வழியில் நின்றால் ஒவ்வோர் எட்டிலும் எலும்பு அதில் இடிக்கும். ஆக, சேணம் உட்காரக் கிடைக்கும் இடம் நாம் நினைப்பதைவிடச் சிறியது. முன்னால் தோள், பின்னால் கடைசி விலா, நடுவில் தொடக் கூடாத முதுகெலும்பு.

அந்தச் சிறிய இடத்தில் என்ன நடக்கிறது என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 65 கிலோ எடையுள்ளவர், 7 கிலோ சேணம்; மொத்தம் 72 கிலோ, அதாவது சுமார் 706 நியூட்டன் விசை. பேனல்கள் முதுகைத் தொடும் பரப்பு 1,200 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சுமை சமமாகப் பரவினால் அழுத்தம் ஏறக்குறைய 5.9 கிலோபாஸ்கல். பேனலின் பாதிதான் முதுகைத் தொடுகிறது என்றால் அதே ஆள், அதே சேணம், அழுத்தம் மட்டும் 11.8. சேணத்தின் அடியில் உணரிப் பாய்களை விரித்து அளந்த கால்நடை ஆய்வாளர்கள் அடிக்கடி எடுத்தாளும் எல்லைகள் இரண்டு: சராசரி அழுத்தம் சுமார் 11 கிலோபாஸ்கலைத் தாண்டும்போதும், ஓரிடத்தின் உச்ச அழுத்தம் 30-ஐத் தாண்டும்போதும் முதுகுவலிக்கும் புண்ணுக்கும் வாய்ப்பு கூடுகிறது. நடையிலிருந்து ட்ராட் என்னும் மெல்லோட்டத்துக்கு மாறினால் ஒவ்வோர் எட்டின் உச்சத்திலும் முதுகில் இறங்கும் விசை ஏறக்குறைய இரட்டிப்பாகும். பாதி பேனல் அந்தரத்தில் தொங்கும் சேணத்தில், உள்ளங்கை அகல இடம் ஒன்று எல்லாச் சுமையையும் வாங்கிக்கொண்டால் 30 என்பது எட்டாத உயரம் அல்ல.

ஷிம் எங்கே போக வேண்டும் என்பதற்கான விடை இந்தக் கணக்குக்குள்ளேயே இருக்கிறது. பலர் செய்வது என்ன? குதிரைக்கு முதுகின் முன்பக்கம் நோகிறது, தொட்டால் தோலைச் சிலிர்க்கிறது. உடனே அந்த இடத்தில் மெத்தென்று எதையாவது வைத்து மூடுகிறார்கள். நோகிற இடம் அநேகமாக அழுத்தம் கூடிய இடம். அங்கே இன்னொரு துண்டை வைத்தால் அழுத்தம் மேலும் கூடும். ஷிம் போக வேண்டிய இடம் நோகாத இடம்: பேனல் தொடாமல் விட்ட பள்ளம். அங்கே தாங்கல் கிடைத்தால் தொடும் பரப்பு கூடும், மேட்டின் மேல் ஏறியிருந்த சுமை தானே இறங்கும். செருப்பு கடிக்கும் காலுக்குத் தடித்த காலுறை போட்டால் இன்னும் கடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். குதிரையின் காரியத்தில் மட்டும் இது மறந்துபோகிறது.

எந்தப் பொருத்தக் குறைக்கு எந்த இடம்

ஷிம்மால் நிச்சயமாகத் தீராத குறையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குறுகிய சேணம். சட்டகத்தின் முன்வளைவு குதிரையின் தோளுக்குப் பின்னால் இருக்கும் அகலத்தைவிடக் குறுகலாக இருந்தால், சேணம் கீழிறங்க முடியாமல் மேலே ஏறி நிற்கும். முன்முனைகள் இரண்டும் தசைக்குள் குத்தும். ஷிம் என்பது இருக்கிற இடத்தை நிரப்பும் பொருள், இல்லாத இடத்தை உண்டாக்காது. குறுகிய சேணத்தின் முன்னால் எதை வைத்தாலும் அது இன்னும் குறுகும். அப்படிப்பட்ட சேணம் முன்னால் தூக்கியும் பின்னால் தாழ்ந்தும் இருக்கும். பின்பக்கம் ஷிம் வைத்து மட்டமாக்கிவிடலாம் என்று ஆசை வரும். மட்டமாகத் தெரியும், குத்துவது நிற்காது. பின்பக்க ஷிம் கேட்கும் சேணத்தை எப்போதும் ஒரு சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது. பேனலின் பின்பகுதியில் அடைத்த கம்பளி அமுங்கிப்போனதும் காரணமாக இருக்கலாம், ஆனால் முன்பக்கம் குறுகல் இல்லை என்று உறுதி செய்த பிறகே அந்த முடிவுக்கு வர வேண்டும்.

பேனலின் வளைவு முதுகின் வளைவைவிட அதிகமாக இருந்தால் சேணம் முன்னும் பின்னுமாக ஆடும். இதையும் ஷிம் சரிசெய்யாது. இரண்டு முனைகளிலும் துண்டு வைத்து ஆட்டத்தை நிறுத்தலாம் என்பார்கள். அப்படிச் செய்தால் சேணம் உயர்ந்து, நிலை தவறிப் பக்கவாட்டில் உருளத் தொடங்கும்.

ஷிம் அழகாக வேலை செய்யும் இடம் இதற்கு நேர் எதிரானது: முன்பக்கம் கொஞ்சம் அகலமான சேணம். குதிரையின் தோளுக்குப் பின்னால், தோள்மேட்டின் இருபுறமும் ட்ரப்பீசியஸ் என்னும் தட்டையான தசை இருக்கிறது. சவாரிக்காரர்கள் விதர்ஸ் என்று சொல்லும் மேடுதான் இந்தத் தோள்மேடு. இந்தத் தசை வற்றிய குதிரைக்கு அங்கே ஒரு குழி விழுந்திருக்கும். சேணம் முன்னால் அந்தக் குழிக்குள் சரியும், ஏறியவரும் முன்னால் சாய்வார், சாயச் சாயச் சுமை இன்னும் முன்னுக்கே போகும். அதோடு வாய்க்காலின் முன்வளைவு தாழ்ந்து தோள்மேட்டை உரசத் தொடங்கும். இங்கே முன்பைகளில் இருபுறமும் சமமாக மெல்லிய ஷிம் வைத்தால் சேணம் மட்டத்துக்கு வரும். பலன் அன்றைக்கே தெரியும்.

நடுவில் தொங்கல் இருப்பது இன்னொரு வகை. பேனல் முன்னாலும் பின்னாலும் தொட்டுக்கொண்டு நடுவில் அந்தரத்தில் நிற்கும். ‘பிரிட்ஜிங்’ என்று சொல்வார்கள். முதுகு தாழ்ந்த வயதான குதிரைகளிடம் இது சாதாரணம். நடுப்பைகளில் ஷிம் வைத்தால் நான்கு மூலைகளில் குவிந்த சுமை நடுவிலும் பரவும். ஆனால் இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. நின்ற நிலையில் லேசான தொங்கல் இருப்பது குறையே அல்ல. ஆள் ஏறி நடத்தும்போது குதிரை வயிற்றை இழுத்து முதுகை மேலே தூக்கும். அந்தத் தூக்கலுக்கு இடம் வேண்டும். கையை உள்ளே விட்டுப் பார்த்து, கிடைத்த இடைவெளியை எல்லாம் அடைத்துவிட்டால் முதுகு தூக்குவதற்கு இடமே இருக்காது. 2017-இல் ரேச்சல் மர்ரேயும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஓர் ஆய்வு இங்கே பொருந்தும். வழக்கமான விதிகளின்படி பொருத்திய சேணங்களிலும் 10 முதல் 13 வரையான மார்பு முள்ளெலும்புகளின் மட்டத்தில் அழுத்தம் குவிவதை அவர்கள் கண்டார்கள். அந்தக் குவிப்பைக் குறைத்தபோது குதிரையின் கால்வீச்சு மேம்பட்டது. சேணத்தின் முன்பாதியும் நடுவும் சந்திக்கும் அந்தப் பகுதியில் ஷிம்மின் விளிம்பு வந்து முடிந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

மூன்றாவது வகைதான் மிகவும் சிக்கலானது: இடமும் வலமும் ஒன்றாக இல்லாத முதுகு. ஏறக்குறைய எல்லாக் குதிரைக்கும் ஒரு தோள் மற்றதைவிடப் பெரிதாக இருக்கும். பெரிய தோள் சேணத்தைப் பின்னுக்குத் தள்ளும், சேணம் எதிர்ப்பக்கம் சரியும். சரியும் பக்கத்தில், அதாவது தசை குறைந்த தோளுக்குப் பின்னால், ஒற்றை ஷிம் வைத்தால் சேணம் நேராக நிற்கும். சேணத்தைப் பெரிய தோளின் அளவுக்குப் பொருத்தி, சிறிய பக்கத்தை ஷிம்மால் நிரப்புவதுதான் முறை. சிறிய தோளுக்குப் பொருத்தினால் பெரிய தோள் சிக்கிக்கொள்ளும்.

ஆனால் சேணம் ஒரு பக்கம் சரிவதற்குத் தோள் மட்டுமே காரணம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. பிரிட்டனில் லீன கிரேவும் சூ டைசனும் 2013-இல் வெளியிட்ட ஆய்வு சவாரிக்காரர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. பின்காலில் நொண்டல் உள்ள குதிரைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றின் மேல் சேணம் ஒரு பக்கமாகச் சரிந்தது, பெரும்பாலும் நொண்டும் காலின் பக்கமாகவே. மருந்து செலுத்தி அந்தக் காலை மரத்துப்போகச் செய்து நொண்டலை நிறுத்தியபோது, ஏறக்குறைய எல்லாக் குதிரைகளிலும் சேணம் நேராக நின்றது. இப்படிப்பட்ட குதிரைக்கு ஷிம் வைத்து நேராக்கினால் நடப்பது என்ன? நோயைச் சொல்லிக்கொண்டிருந்த ஓர் அடையாளத்தை அழித்துவிடுகிறோம். வெளிப்பார்வைக்கு நொண்டாத குதிரையிலும் இது நடக்கலாம் என்பதால், புதிதாகச் சரியத் தொடங்கிய சேணத்தைக் கண்டால் ஷிம் பைக்குப் போவதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் போவதே ஒழுங்கு. ஏறுபவர் கோணலாக உட்கார்வதும் சேணத்தைச் சரிக்கும். வேறொருவரை ஏற்றிப் பார்த்தால் அது தெரிந்துவிடும்.

வைக்கும் முறை

விரிப்பு எதுவும் இல்லாமல், வெறும் சேணத்தை வெறும் முதுகில் வைத்துப் பார்ப்பதுதான் தொடக்கம். குதிரை மட்டமான தரையில், நான்கு கால்களிலும் சமமாக நிற்க வேண்டும், தலை நேராக இருக்க வேண்டும். சேணத்தைத் தோள்மேட்டின் மேல் கொஞ்சம் முன்னால் வைத்துப் பின்னுக்கு வழுக்கினால் அதற்குரிய இடத்தில் தானே வந்து நிற்கும். பக்கவாட்டில் நின்று பார்த்தால் இருக்கையின் மிகத் தாழ்ந்த இடம் நடுவில் தெரிய வேண்டும். தோள்மேட்டுக்கும் முன்வளைவுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். நடுவாய்க்கால் முழு நீளத்துக்கும் மூன்று நான்கு விரல் அகலம் வேண்டும். பிறகு ஒரு கையால் சேணத்தை அமுக்கிக்கொண்டு மறு கையைத் தட்டையாகப் பேனலின் அடியில் முன்னிருந்து பின்னாக ஓட்டிப் பார்க்க வேண்டும். எங்கே கை நெருக்குகிறது, எங்கே லேசாகப் போகிறது, எங்கே ஒன்றுமே தொடவில்லை என்று இரு பக்கமும் ஒப்பிட வேண்டும். கடைசியாக ஒரு முக்காலியில் ஏறிப் பின்னாலிருந்து பார்த்தால், முதுகெலும்பின் கோட்டிலிருந்து சேணம் விலகியிருக்கிறதா என்று தெரியும்.

இந்தச் சோதனையில் குறுகல் என்று தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பள்ளம் என்று தெரிந்தால் மட்டுமே அடுத்த படி. அப்போதும் மிக மெல்லியதில் தொடங்க வேண்டும். ஷிம் வைக்கும் விரிப்புக்கே ஒரு தடிமன் உண்டு என்பதை மறக்கிறார்கள். இருபுறமும் 8 மில்லிமீட்டர் விரிப்பு என்றால் சேணத்தின் உள்ளகலத்தில் ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர் அதற்கே போய்விட்டது. சரியாகப் பொருந்தும் சேணத்தின் அடியில் அழகுக்காக ஆட்டுத்தோல் விரிப்பைப் போடுகிறவர்கள், நல்ல சேணத்தைக் குறுகிய சேணமாக்கிவிடுகிறார்கள். இன்றைய சவாரி மைதானங்களில் அதிகமாகக் காணக்கிடைக்கும் தவறு இதுதான் என்பேன்.

துண்டின் விளிம்புகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வெட்டிய விளிம்பு செங்குத்தாக இருந்தால் அது முதுகில் ஒரு கோடாக அழுத்தும். விளிம்பைச் சாய்வாகச் செதுக்கி, தடிமன் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து ஒன்றுமில்லாமல் முடியும்படி செய்ய வேண்டும். இரண்டு அடுக்கு வைப்பதானால் மேலடுக்கு கீழடுக்கைவிடச் சிறிதாக, விளிம்புகள் ஒன்றன் மேல் ஒன்று வராதபடி இருக்க வேண்டும். துண்டு தோள் எலும்பு பின்னோக்கி வரும் வழியில் நீளக் கூடாது, முதுகெலும்பை நெருங்கவும் கூடாது. விரிப்பின் நடுப்பகுதியைச் சேணத்தின் வாய்க்காலுக்குள் மேலே இழுத்துவிட வேண்டும், இல்லையென்றால் வயிற்றுப் பட்டையை இறுக்கியதும் விரிப்பு தோள்மேட்டின் மேல் விறைப்பாக இழுபட்டு அழுத்தும்.

பிறகு ஏறி, இருபது முப்பது நிமிடம் நடத்திவிட்டு இறங்கி மறுபடி பார்க்க வேண்டும். வேலை செய்த முதுகு வேலைக்கு முந்தைய முதுகைவிடச் சற்று அகலமாக இருக்கும். கிரேவும் டைசனும் இதையும் அளந்து காட்டியிருக்கிறார்கள். காலையில் லாயத்தில் சரியாக நின்ற ஷிம் அரைமணி நேரத்துக்குப் பிறகு தடித்துப்போயிருக்கலாம். வியர்வைத் தடத்தையும் பார்ப்பார்கள், ஆனால் அதை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுதக் கூடாது. ஈரமான முதுகில் நடுவே காய்ந்த திட்டு இருந்தால் அங்கே சேணம் தொடவே இல்லை என்றும் பொருள்படலாம், வியர்வைச் சுரப்பி வேலை செய்ய முடியாத அளவுக்கு அழுத்தியது என்றும் பொருள்படலாம். இரண்டுக்கும் செய்ய வேண்டியது நேர் எதிரானது. ஒரு திட்டில் ஷிம்மைச் சேர்க்க வேண்டும், மற்றதில் எடுக்க வேண்டும். கை வைத்து அமுக்கிப் பார்த்துத்தான் பிரித்தறிய முடியும். முடி உரசிக் கலைந்திருக்கிறதா, வெள்ளை முடி முளைக்கிறதா என்பதும் கணக்கில் வரும். வெள்ளை முடி என்றோ நடந்த காயத்தின் வடு, இன்றைய சேணத்தைக் குற்றம் சொல்லும் சாட்சி அல்ல. வயிற்றுப் பட்டையை இறுக்கும்போது கடிக்கத் திரும்புவதும், சேணத்தைக் கண்டதும் காதைப் பின்னுக்கு மடக்குவதும் அதைவிடப் புதிய செய்தி.

படைகள் கற்றுக்கொண்டது

மடித்த கம்பளியால் சேணத்தைப் பொருத்துவது புதிய யோசனை அல்ல. ஆல்தாய் மலைகளில் உறைபனிக்குள் கிடைத்த, 2,300 ஆண்டுகளுக்கு முற்பட்ட பாசிரிக் கல்லறைச் சேணங்கள், முதுகெலும்பின் இருபுறமும் அடைத்துத் தைத்த மெத்தைகளாகவே இருக்கின்றன. விறைப்பான சட்டகம் வந்த பிறகுதான் பொருத்தம் என்ற தலைவலி பெரிதாக வந்தது. அதை மிகக் கசப்பாக அனுபவித்தவை குதிரைப்படைகள். ஆயிரக்கணக்கான குதிரைகளுக்கு நான்கைந்து அளவுகளில் சேணம். படை நகரத் தொடங்கிய சில வாரங்களில் பட்டினியாலும் வேலையாலும் எல்லாக் குதிரையும் இளைத்துவிடும். அமெரிக்கப் படை 1859-இல் ஏற்ற மெக்லெல்லன் சேணத்தின் சட்டகம் நடுவில் பிளவோடு திறந்திருந்தது. அடியில் பேனல் மெத்தையே கிடையாது, மடித்த கம்பளிப் போர்வைதான் மெத்தை. குதிரை இளைக்க இளைக்க மடிப்பை மாற்றிப் பொருத்திக்கொள்ளலாம். பிரிட்டிஷ் படையின் 1912 மாதிரிச் சேணத்தில் பக்கப் பலகைகள் இரும்பு வளைவுகளில் அசையும்படி இணைக்கப்பட்டிருந்தன, முதுகு இளைத்தாலும் பெருத்தாலும் பலகை அதன் சாய்வுக்கு ஏற்பத் திரும்பிக்கொள்ள. அதன் பின்னணியில் போயர் போரின் நினைவு இருக்கிறது. 1899 முதல் 1902 வரை தென்னாப்பிரிக்காவில் பிரிட்டன் சுமார் 3,26,000 குதிரைகளை இழந்தது. பெரும்பகுதி களைப்பாலும் நோயாலும் பட்டினியாலும் போனவை. சேணப்புண் அந்தப் பட்டியலில் சேர்ந்துகொண்ட இன்னொன்று.

படை மருத்துவர்கள் இன்னொரு வித்தையும் செய்தார்கள். வீங்கிய இடத்துக்கு நேராக விரிப்பில் ஒரு துளை வெட்டிவிடுவது. அழுத்தம் உடனே நீங்கும், உண்மைதான். ஆனால் துளையின் விளிம்பு சுற்றிலும் அழுத்தும். இன்று இதைப் பரிந்துரைப்பவர்கள் குறைவு. சுற்றியுள்ள பள்ளங்களை நிரப்பிச் சுமையை அகலப்படுத்துவதே நல்ல வழி என்று தொழில் நகர்ந்திருக்கிறது.

பந்தயம் விட்டு வந்த குதிரை

ஷிம்முக்கு உண்மையான நியாயம் கிடைக்கும் இடம் ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அது பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற தரோபிரெட் குதிரை. இந்தியாவின் சவாரிப் பள்ளிகளில் நிற்கும் குதிரைகளில் கணிசமானவை இப்படி வந்தவை. உயர்ந்து கூர்மையான தோள்மேடு, அதன் பின்னால் குழி, ஒட்டிய முதுகு. ஜாக்கி முதுகில் உட்காராமல் அங்கவடியின் மேல் நின்றபடி ஓட்டுவார். பந்தயச் சேணத்தின் எடையும் சொற்பம். உட்கார்ந்து சவாரி செய்பவரைத் தாங்கும் தசை இந்தக் குதிரைக்கு வளர வேண்டிய தேவையே இருந்ததில்லை. ஓய்வுக்குப் பிறகு சரியான தீனியும் சரியான பயிற்சியும் கிடைத்தால் சில மாதங்களில் அந்தக் குழி நிரம்பும். இன்றைய குழிக்கு அளவெடுத்துச் சேணம் வாங்கினால் அது தசை வளர இடம் தராது, ஆறு மாதத்தில் குறுகலாகிவிடும். தசை அழுத்தப்பட்டால் வற்றும், வற்றியதால் குறுகிய சேணம் பொருந்துவது போலத் தெரியும். பல குதிரைகள் ஆண்டுக்கணக்கில் இந்தச் சுழலிலேயே இருக்கின்றன. வரப்போகும் முதுகின் அகலத்துக்குச் சேணம், இருக்கும் குழிக்கு ஷிம் என்பதே இங்கே சரியான ஏற்பாடு. மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை கை விட்டுப் பார்த்து, தடித்த துண்டை மெல்லியதாக மாற்றி, கடைசியில் உருவிவிட வேண்டும். உருவ மறப்பவர்கள்தான் அதிகம். நிரம்பிய தசையின் மேல் பழைய ஷிம் உட்கார்ந்திருந்தால் அது தன் வேலையை முடித்துவிட்டு அடுத்த புண்ணுக்கு அடித்தளம் போடுகிறது.

ஒரே சேணத்தைப் பல குதிரைகளுக்கு மாற்றிப் போடும் பள்ளிகளிலும் ஷிம் விரிப்பு கைகொடுக்கும். அகலமான சேணம் ஒன்று, குதிரைக்கு ஒரு விரிப்பு, ஒவ்வொன்றிலும் அந்தக் குதிரைக்கான ஷிம் என்று வைத்துக்கொள்ளலாம். விரிப்பைப் பொதுவாக வைத்துத் துண்டுகளை மட்டும் மாற்றுவது தவறு. படர்தாமரை போன்ற தோல்நோய்கள் இப்படித்தான் ஒரு முதுகிலிருந்து இன்னொன்றுக்குப் போகின்றன.

பொருளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஃபெல்ட் வியர்வையை உறிஞ்சும், காற்று விடும், காலப்போக்கில் அமுங்கும். ஆகவே வாங்கியபோது இருந்த தடிமனை நம்பாமல் அவ்வப்போது அளக்க வேண்டும். மூடிய கண்ணறை ஃபோம் வடிவம் மாறாது, நம் வெயிலில் அடியில் சூடு தங்கும். ஜெல் கனமானது, அழுத்தம் இல்லாத பக்கம் நகர்ந்துவிடும் குணமும் சில வகைகளுக்கு உண்டு. வியன்னா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டியான் பேஹாம் குழுவினர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், வேண்டுமென்றே மிக அகலமான சேணங்களின் அடியில் ஜெல், தோல், ஃபோம், ரெயிண்டீர் ரோமம் என்று வெவ்வேறு விரிப்புகளைப் போட்டு அழுத்தத்தை அளந்தார்கள். பொருத்தமாகத் தேர்ந்த விரிப்பு முதுகின் சுமையைக் குறைக்க முடியும் என்று தெரிந்தது. ஆனால் ஒவ்வொரு விரிப்பின் பலனும் வேறு வேறாக இருந்தது. எல்லாக் குதிரைக்கும் ஏற்றது என்று விளம்பரம் செய்யப்படும் விரிப்பை நான் நம்பாததற்கு இதுவும் ஒரு காரணம்.

இங்கிலாந்தில் இருப்பவருக்குச் சேணம் பொருத்தும் தேர்ச்சி பெற்றவரை அழைப்பது எளிது; அங்கே சேணத் தொழிலாளர் சங்கமே அவர்களுக்குத் தேர்வு நடத்திச் சான்று தருகிறது. சேணம் தைத்து உலகுக்கு அனுப்பும் கான்பூர் நம் நாட்டில்தான் இருக்கிறது, ஆனால் லாயத்துக்கு வந்து முதுகைத் தொட்டுப் பார்த்துப் பொருத்தித் தருபவர் இங்கே அரிது. எனவே குதிரை வைத்திருப்பவரும் அதைப் பராமரிக்கும் சைஸும் கை விட்டுப் பார்க்கப் பழகிக்கொள்ளத்தான் வேண்டும். பேனலில் கம்பளி அடைத்த சேணம் என்றால் ஷிம்மால் கிடைத்த தகவலை வைத்தே நிரந்தரமாகச் சரிசெய்யலாம். எந்தப் பையில் எத்தனை மில்லிமீட்டர் வைத்தபோது சேணம் மட்டமாக நின்றது என்று குறித்து வைத்து, அந்த இடத்தில் பேனலுக்குள் கம்பளியைக் கூட்டச் சொல்லலாம். ஃபோம் பேனலில் இது முடியாது, ஷிம்மே தொடர வேண்டியிருக்கும். கம்பளியைக் கூட்டிய சேணம் பட்டறையிலிருந்து திரும்பி வந்த அன்றே ஷிம்மை வெளியே எடுத்துவிட வேண்டும். இரண்டும் சேர்ந்து உள்ளே இருந்தால் முன்பக்கம் மறுபடி குறுகிவிடும்.